பேராயர் தேர்வில் வாக்கோடு திருவுளச்சீட்டும் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருமண்டலங்களில், அதாவது ஒரு பேராயரின் கீழ் இயங்கும் பகுதிகளில், தேர்தல்கள் நெருங்கும் காலங்களில் தங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் ஏறத்தாழ ஒரே விதமான செய்திகளே வருகின்றன. இன்ன அணி இத்தனை இடங்களைப் பிடித்தது, இன்ன ஊர் ஆலய வளாகத்தில் போலீஸ் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்தது, இன்ன வழக்கில் தேர்தல் முடிவை அறிவிக்க இடைக்காலத் தடை கிடைத்தது என்று அவை போகின்றன. செய்தி வெளியிடுவது நாளிதழின் கடமை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த நிலை எப்படி வந்தது, இதிலிருந்து மீள வழி உண்டா என்பதைச் சபைக்குள் இருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சேகர (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதி) உறுப்பினராக இருந்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையில் ஒரு யோசனையைச் சபையார் முன்பும் பொதுமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். பேராயரையும், குருவல்லாத சபையாரிலிருந்து வரும் லே செயலரையும் தெரிந்தெடுக்கும்போது சபையாரின் வாக்கால் சிலரைத் தெரிந்து, அவர்களுள் ஒருவரை ஆலயத்தில் எல்லாரும் காணத் திருவுளச்சீட்டின் வழியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த யோசனை.

இப்போதுள்ள முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திடப்படுத்தல் (விசுவாசத்தை அறிக்கையிட்டு முழு உறுப்பினராகும் சடங்கு) பெற்று, சங்கக் காணிக்கையைத் தவறாமல் செலுத்திவரும் சபையார் மூன்றாண்டுக்கு ஒருமுறை தங்கள் சேகரக் கமிட்டியையும் திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர்களையும் வாக்களித்துத் தெரிந்தெடுக்கிறார்கள். பெருமன்ற உறுப்பினர்கள் கூடி செயற்குழுவையும் லே செயலர், பொருளாளர் முதலிய பொறுப்பாளர்களையும் தெரிந்தெடுக்கிறார்கள். பேராயர் பதவி காலியாகும்போது அதே பெருமன்றம் குருமார் சிலருடைய பெயர்களை வாக்கெடுப்பின் மூலம் ஒரு பட்டியலாக்கி அனுப்புகிறது; திருச்சபை முழுவதற்குமான உச்ச மன்றமாகிய சினாடு அமைக்கும் தெரிவுக் குழு அவர்களுள் ஒருவரைப் பேராயராக அறிவிக்கிறது. ஏட்டில் பார்த்தால் இது மிக அழகான ஏற்பாடு. ஊர்ச் சபையின் குரலும், பரந்த திருச்சபையின் நிதானமும் இதில் ஒன்றுசேர்கின்றன. நடைமுறையில் இரண்டு இடங்களில் இது பழுதாகிறது. வாக்குச்சாவடியில் அணி புகுந்துவிடுகிறது. தெரிவுக் குழுவின் மூடிய அறையில் என்ன நடந்தது என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. முதலாவது பணத்துக்கும் சாதிக்கும் கதவைத் திறக்கிறது. இரண்டாவது வதந்திக்குக் கதவைத் திறக்கிறது. அறிவிக்கப்பட்டவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும், அந்த வதந்தி அவர் ஓய்வுபெறும் நாள்வரை அவரைப் பின்தொடர்கிறது.

ஜெபிக்கவும் பிரசங்கிக்கவும் திடப்படுத்தல் கொடுக்கவும் வேண்டிய ஒருவரைத் தெரிந்தெடுக்க ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்பவர்கள், திருமண்டலம் என்பது இன்று எதையெல்லாம் நிர்வகிக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மிஷனெரிமார் காலத்தில் தொடங்கிய தொடக்கப் பள்ளிகள், மேல்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விடுதிகள், நகரின் நடுவே இன்று மதிப்பு ஏறிக் கிடக்கும் நிலங்கள் எல்லாம் அதன் பொறுப்பில் உள்ளன. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. அவரை நியமிப்பது நிர்வாகம். ஆயுள் முழுவதும் அரசுச் சம்பளம் தரும் ஒரு பணியிடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சிலருடைய கையெழுத்து முடிவுசெய்யும் இடத்தில், அந்தக் கையெழுத்தைப் பெறுவதற்கான போட்டி ஆலயத்தின் வாசலோடு நிற்காது. போதகர் இடமாற்றமும் அதே கைகளில்தான் இருக்கிறது. அதனால் எந்த அணியையும் சேராத ஒரு போதகர், தம் பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடுமோ என்ற அச்சத்தோடு ஒவ்வொரு தேர்தலையும் கடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிச் சேகரம் ஒன்றில் கைச்சுத்தத்துக்குப் பெயர்பெற்ற, வயதில் மூத்த தலைமையாசிரியர் ஒருவர் பெருமன்றத்துக்கு நின்றபோது, வாக்குக்கு இவ்வளவு என்று வீடு வீடாகக் கொடுத்த மறுதரப்பிடம் தோற்றதை நான் அறிவேன். அவருக்கு வாக்களிக்காதவர்களில் பலர் அவரிடமே படித்தவர்கள். அவர்கள்மீது கோபப்பட்டுப் பயனில்லை. தேர்தலின் அமைப்பே அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டிருக்கிறது.

வழக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70-ஆக உயர்த்தும் திருத்தமும், திருச்சபை முழுவதற்கும் தலைவரான பிரதமப் பேராயருக்கு 2023-இல் நடந்த தேர்தலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2024-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நீதிமன்றம் நிர்வாகிகளாக நியமிக்கும் அளவுக்கு அந்த விவகாரம் வளர்ந்து, பின்பு உச்ச நீதிமன்றத்தையும் எட்டியது. சகோதரனோடு சகோதரன் வழக்காடுகிறானே, உங்களுக்குள் தீர்த்துவைக்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்று கொரிந்து சபையாரைப் பவுல் கேட்ட கேள்வி, எங்கள் ஆலயங்களில் வாசிக்கப்படும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

இதற்கெல்லாம் தேர்தலே காரணம், ஆகவே தேர்தலே வேண்டாம், மேலிருந்து நியமித்துவிடட்டும் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். அங்கே மறைமாவட்ட ஆயரைத் திருத்தந்தை நியமிக்கிறார். தில்லியிலுள்ள அவருடைய தூதர் குருக்களிடமும் வேறு சிலரிடமும் இரகசியமாகக் கருத்துக் கேட்டு மூன்று பெயர்களை உரோமுக்கு அனுப்புகிறார். அன்பியங்கள் எனப்படும் சிறு குடும்பக் குழுக்களின் பிரதிநிதிகள் அமரும் பங்குப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டுமே இருக்கிறது. வாக்குக்குப் பணம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை என்பது உண்மை. அவர்களுடைய ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆயினும் எங்கள் திருச்சபைக்கு அது பொருந்தாது. நாங்கள் வாக்குரிமையை இலவசமாகப் பெறவில்லை.

பாளையங்கோட்டைக்காரர்கள் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் தூய திரித்துவ ஆலயத்தை 1826-இல் கட்டிய ரேனியஸ் ஐயரின் வரலாறே இதற்குச் சான்று. அவர் ஜெர்மானியர், லுத்தரன் மரபில் வந்தவர். ஆனால் ஆங்கிலிக்கன் சங்கமான சர்ச் மிஷனெரி சங்கத்தின் கீழ் 1820 முதல் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்தார். சபைகள் பெருகப் பெருக, தம்மோடு உழைத்த தமிழ் உபதேசியார்களைத் தாமே குருப்பட்டம் கொடுத்து நியமிக்க வேண்டும், லுத்தரன் முறையில் அதற்குப் பேராயர் கை வைக்க வேண்டிய அவசியமில்லை என்று அவர் கருதினார். சங்கம் ஏற்கவில்லை. இந்தக் கருத்து வேறுபாடும், இங்கிலாந்துத் திருச்சபையின் முறைமைகளைக் குறித்து அவர் அச்சில் வெளியிட்ட விமரிசனமும் சேர்ந்து 1835-இல் அவரைச் சங்கத்திலிருந்து வெளியேற்றின. உபதேசியார் பலர் அவர் பக்கம் நின்றார்கள். அவர்கள் அழைப்பை ஏற்று அவர் திரும்பி வந்தார். திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது. 1838-இல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. அந்தப் பிளவின் நடுவே இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: தமிழ்ச் சபைக்குத் தலைவரை ஏற்படுத்தும் உரிமை யாருக்கு? அந்தச் சங்கத்தின் செயலராக இலண்டனில் இருந்த ஹென்றி வென் பிற்பாடு, ஒரு நாட்டுச் சபை தன்னைத்தானே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வேண்டும் என்று வலியுறுத்தியதையும், திருநெல்வேலியில் உள்ளூர்ச் சபை மன்றங்கள் ஏற்பட்டதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் 1877-இல் திருநெல்வேலிக்கு உதவிப் பேராயர்களாகக் கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய இரு வெள்ளையர்களே அபிஷேகம் பெற்றார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அவருடைய ஆட்சிப் பகுதியோ தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல். அவரையும் எந்தச் சபையும் வாக்களித்துத் தெரிந்தெடுக்கவில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் அசரியாவின் முன்னிலையில் கூடியவர்கள் சபை ஐக்கியத்துக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். அதிலிருந்து 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறக்கும்வரை இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் பிடித்ததற்குப் பெருங்காரணம், பேராயரை வைத்திருந்த ஆங்கிலிக்கர்களும், மூப்பர்களை வைத்திருந்த பிரஸ்பிட்டேரியர்களும், சபை முழுவதும் கூடி முடிவெடுக்கும் மரபுடைய மதுரை, நாகர்கோவில் பகுதிச் சபையாரும், மெதடிஸ்டுகளும் தலைமையைப் பற்றி ஒரு மனதுக்கு வர வேண்டியிருந்ததே. பேராயர் இருக்க வேண்டும். ஆனால் சபையாரின் சம்மதமின்றி அவர் வரக்கூடாது என்பது அந்த நீண்ட பேச்சுவார்த்தையின் பலன். அதைக் கைவிட்டு மேலிருந்து நியமனம் கேட்பது, நூறாண்டுப் போராட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் எங்கள் திருச்சபையின் முதல் பெண் பேராயராக முடிந்ததும் இந்த அமைப்புக்குள்தான்.

வாக்கை விடாமலே அதன் நஞ்சை எப்படி எடுப்பது? இதற்கான விடை வேதத்திலேயே இருக்கிறது என்று நம்புகிறேன். யூதாஸின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தபோது, கூடியிருந்த ஏறக்குறைய நூற்றிருபது பேர் முதலில் தகுதியை வரையறுத்தார்கள்: யோவான் ஸ்நானன் காலந்தொட்டு இயேசுவோடு நடந்தவராகவும் உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டும். பின்பு யுஸ்து என்னும் மறுபெயருடைய பர்சபா, மத்தியா ஆகிய இருவரை நிறுத்தினார்கள். ஜெபித்தார்கள். சீட்டுப்போட்டார்கள், அது மத்தியாவின் பேருக்கு விழுந்தது. தகுதி, சபையாரின் தெரிவு, ஜெபம், சீட்டு என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது.

பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சீட்டைப் பற்றிய பேச்சே இல்லையே, ஆவியானவர் வந்த பின் அது தேவையா என்று வேதம் அறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பந்தி விசாரணைக்கு, அதாவது விதவைகள் முதலியோருக்கு உணவு பகிரும் பணிக்கு, ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுத்தது, அப்போஸ்தலர் கை வைத்தார்கள், சீட்டு இல்லை. ஆனால் அந்த ஏழு பேரும் யார் என்று பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்ட கிரேக்கர் தரப்பிலிருந்தே ஏழு பேரையும் தெரிந்தெடுக்கும் மனம், எபிரெயர் மிகுந்திருந்த அந்தச் சபைக்கு இருந்தது. பெரும்பான்மை தன் கையிலிருந்த அதிகாரத்தைச் சிறுபான்மையிடம் மனமுவந்து ஒப்படைத்த தேர்தல் அது. அத்தகைய மனம் எங்களிடம் இருந்தால் சீட்டு வேண்டாம்தான். எண்ணிக்கையில் பெரிய சாதியாரின் அணி, சிறிய சாதியாருக்கு ஓரிடத்தையும் விட்டுக்கொடாமல் பட்டியல் போடும் ஊர்களில் அந்த மனம் வரும்வரை, மத்தியாவைத் தெரிந்துகொண்ட வழி எங்களுக்கு உதவும்.

ஆதித் திருச்சபையில் சபையாரின் குரலுக்கு இருந்த மதிப்பும், அந்தக் குரல் கெட்டபோது நேர்ந்த கேடும் இரண்டுமே வரலாற்றில் பதிவாகியுள்ளன. 374-இல் மிலான் நகரில், இன்னும் ஞானஸ்நானமே பெறாத ஆளுநர் அம்புரோஸ் அமைதி காக்க வந்த இடத்தில், மக்கள் அவரையே பேராயராக வேண்டும் என்று முழங்கினார்கள். அவர் அந்த நூற்றாண்டின் சிறந்த மேய்ப்பர்களுள் ஒருவரானார். எல்லாருக்கும் தலைவராகப் போகிறவர் எல்லாராலும் தெரிந்தெடுக்கப்பட வேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் உரோமைப் பேராயர் லியோ எழுதினார். அதே உரோமில் 366-இல் தமாசுக்கும் உர்சினுசுக்கும் நடந்த பதவிப் போட்டியில், ஓர் ஆலயத்துக்குள் ஒரே நாளில் 137 சடலங்கள் கிடந்தன என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் காலத்தில்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைப்பவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்றும் சீட்டு முறையைக் கைக்கொள்ளும் பழம்பெரும் திருச்சபைகள் உண்டு. எகிப்தின் கொப்டிக் திருச்சபையில் 2012-இல் தலைமைப் பதவி காலியானபோது, குருக்களும் விசுவாசிகளும் அடங்கிய ஏறத்தாழ 2400 வாக்காளர்கள் முதலில் வாக்களித்து மூவரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கெய்ரோவின் மாற்குப் பேராலயத்தில், ஆராதனையின் முடிவில், மூவரின் பெயர்களையும் தனித்தனியே அடைத்து முத்திரையிட்டுப் பீடத்தின்மேல் வைத்திருந்த கண்ணாடிக் கலத்திலிருந்து, கண் கட்டப்பட்ட ஒரு சிறுவன் ஒன்றை எடுத்தான். தவாத்ரோஸ் என்ற பெயர் வந்தது. வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவர் வேறொருவர். ஆயினும் சீட்டில் வந்தவரே தலைவரானார். சேர்பியத் திருச்சபையில் ஆயர் மன்றம் வாக்களித்துத் தெரிந்த மூவரின் பெயர்களை உறைகளிலிட்டுச் சுவிசேஷப் புத்தகத்தினிடையே வைத்து, ஒரு துறவி அதில் ஒன்றை எடுக்கும் முறை இருக்கிறது. 1990-இல் பாவ்லேயும் 2021-இல் போர்ஃபிரியேயும் அவ்வாறே வந்தார்கள். எல்லாவற்றிலும் என்னை ஆழமாகத் தொட்டது 1917-இல் மாஸ்கோவில் நடந்தது. புரட்சியின் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தும் ஓயாத அந்த நவம்பரில், ரஷ்யத் திருச்சபை மன்றம் மூவரைத் தெரிந்தெடுத்தது. அலெக்சி என்ற முதிய துறவி பேராலயத்தில் சீட்டை எடுத்தார். அந்த வரிசையில் மூன்றாவதாகத் தெரிவான தீகோனின் பெயர் வந்தது. பேச்சாற்றலிலும் செல்வாக்கிலும் மற்றவர்களே முன்னின்றார்கள். ஆனால் அடுத்து வந்த கொடிய ஆண்டுகளில், காவலில் வைக்கப்பட்டும், 1925-இல் இறக்கும்வரை தம் மந்தையை விட்டு நகராமல் நின்றவர் தீகோன். அவரை அந்தத் திருச்சபை 1989-இல் பரிசுத்தவானாக அறிவித்தது.

இது தமிழருக்கும் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. பள்ளிப் பாடத்தில் அதைப் படித்துவிட்டு, பானையிலிருந்து ஓலை எடுத்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதைவிடக் கூர்மையானவை, யாருடைய பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்ற விதிகள். ஏதாவதொரு வாரியத்தில் (ஊர்ச் சபையின் நிர்வாகக் குழு) இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் போகக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மருமகன், தகப்பன், மகன் ஆகியோர் பெயரும் போகக்கூடாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் மீண்டும் வரக்கூடாது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எல்லார் முன்னிலையிலும் ஓலையை எடுக்க வேண்டும். அது அந்தணர் சபைக்கு மட்டுமே உரிய முறை, நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கே இடம் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; அந்த ஒதுக்கலை நாம் ஏற்கவும் முடியாது. ஆனால் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் பதவியில்லை என்ற அந்த ஒரு விதியை எங்கள் திருமண்டலங்கள் இன்று ஏற்றுக்கொண்டால், பாதி வேட்பாளர் பட்டியல் மாறிவிடும் என்பது சபையார் எல்லாருக்கும் தெரியும்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் மாற்றம் வாக்களிக்கும் முறையிலேயே வர வேண்டும். இப்போது பல இடங்களில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. அதனால் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேர் கொண்ட அணி, தன் பட்டியலை மனப்பாடமாக்கிக்கொண்டு நூறு இடங்களையும் வாரிக்கொள்கிறது. நாற்பத்தொன்பது பேருக்கு ஒரு குரலும் மிஞ்சுவதில்லை. பேராயர் பட்டியலுக்கான தேர்தலில் ஒருவருக்கு ஒரே வாக்கு என்று வைத்து, பதிவான வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றவர் எவரோ அவர் பெயர் சீட்டுக்குத் தகுதி பெறும் என்று விதிக்கலாம். அப்போது எந்த அணியும் எல்லாப் பெயர்களையும் தன்னுடையதாக்க முடியாது. சிறுபான்மைச் சபைகள் ஒன்றுசேர்ந்தால் அவர்களுக்கும் நம்பிக்கையான ஒருவர் பெயர் உள்ளே போகும். எந்த அணியிலும் சேராத, ஆனால் பரவலாக நேசிக்கப்படும் போதகருக்கும், பெண் போதகருக்கும் முதன்முறையாக ஒரு வழி திறக்கும். ஐந்தில் ஒரு பங்கை இருவராவது எட்டாவிட்டால் மறுவாக்கெடுப்பு நடத்தலாம்.

அடுத்து, சினாடின் குழுவுக்கு இப்போதுள்ள இடத்தை முழுவதும் பறிக்க வேண்டாம். தெரிவானவர்களின் கல்வி, உபதேசம், நடத்தை, அவர்கள் வகித்த பொறுப்புகளின் கணக்கு ஆகியவற்றை அந்தக் குழு ஆராயட்டும், தகுதியில்லாதவரை நீக்கட்டும், ஆனால் நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் கொடுத்து ஆலயங்களில் வாசிக்கச் செய்யட்டும். தகுதியுள்ளவர்களில் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வேலையை மட்டும் குழுவிடமிருந்து எடுத்துவிட வேண்டும். அது பேராலயத்தில், திருவிருந்து ஆராதனைக்குப் பின், சபையாரும் வேட்பாளர்களும் முழங்காலில் நிற்க, ஒரு குழந்தையின் கையால் நடக்கட்டும்.

இதனால் பணம் எப்படி ஒழியும் என்று ஐயப்படுபவர்கள், தேர்தலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குருமார் பணக்காரர்கள் அல்லர். அவர்களுக்காகச் செலவிடுபவர்கள் வேறு சிலர். நாளைக்குப் பள்ளி நியமனத்திலும் கட்டட ஒப்பந்தத்திலும் நிலக் குத்தகையிலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற உறுதியில்தான் அவர்கள் இன்று செலவிடுகிறார்கள். எவ்வளவு செலவிட்டாலும் தம் ஆளின் பெயர் சில பெயர்களுள் ஒன்றாக மட்டுமே கலத்துக்குள் போகும், அதற்கு மேல் எந்தப் பணமும் எந்தச் செல்வாக்கும் அந்தக் குழந்தையின் விரலை நகர்த்தாது என்று தெரிந்தால் அவர்களுடைய கை தானாகவே சுருங்கும். முழுவதும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டை அடகுவைத்துச் செலவிடும் அளவுக்கு யாரும் போகமாட்டார்கள். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சீட்டில் வந்த பேராயர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர். நான்தான் உன்னை ஆக்கினேன் என்று அவருடைய அறைக்குள் வந்து உட்கார ஒருவருக்கும் உரிமை இராது. ஒரு போதகரை இடமாற்றும்போதும், ஓர் ஆசிரியரை நியமிக்கும்போதும், ஒரு கணக்கைக் கேள்வி கேட்கும்போதும் அவர் கை கட்டப்பட்டிராது. தோற்றவருக்கும் இதில் மதிப்புக் குறைவில்லை. அவரைச் சபையார் தள்ளவில்லை, தகுதியுள்ளவர் என்றே முன்னிறுத்தினார்கள். அப்படித் தோற்றவரோடு புதிய பேராயர் மறுநாளே சேர்ந்து உழைக்க முடியும். பர்சபாவைப் பற்றிப் பிறகு வேதத்தில் ஒரு முணுமுணுப்பும் இல்லை என்பதை நான் எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன்.

சீட்டுப்போடுவது கர்த்தரைச் சோதிப்பதாகாதா என்பது சிலருடைய உண்மையான மனச்சங்கடம். மனிதன் தன் அறிவையும் பொறுப்பையும் பயன்படுத்த மறுத்துவிட்டு எதற்கெடுத்தாலும் சீட்டைத் தேடினால் அது சோதனைதான். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவியச் சகோதரர்கள் ஊழியக் களத்தை மட்டுமன்றித் திருமணத்தையும் சீட்டால் முடிவுசெய்யும் வழக்கமுள்ளவர்கள்; காலப்போக்கில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். நான் கேட்பது அதுவன்று. சபையாரின் பகுத்தறிவு தன் வேலையை முடித்து, தகுதியுள்ள சிலரைக் கண்டெடுத்த பின், அவர்களுள் யார் என்பதை மட்டும் தேவனுடைய சித்தத்துக்கு விட்டுவிடக் கேட்கிறேன். சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்ற நீதிமொழியை நம்பி வாசிக்கும் மக்கள் நாம்.

பேராயர் தேர்வின் விதியை மாற்றத் திருச்சபையின் அமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும்; அதற்குச் சினாடும் திருமண்டலங்களும் இசைய வேண்டும்; அது ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரை காத்திராமல் சேகரங்கள் இன்றே தொடங்கக்கூடியது உண்டு. சேகரச் செயலர், பொருளாளர் பொறுப்புகளுக்குச் சேகரக் கமிட்டிக்குள் போட்டி வரும்போது வாக்கெடுப்பில் முன்னணியில் வரும் இருவரும் தாமாக முன்வந்து சீட்டை ஏற்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இராது. கடந்த மூன்றாண்டுக் கணக்கை, தணிக்கையாளர் கையொப்பத்தோடு, வேட்புமனு வாங்குவதற்கு முன்பே ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த இரண்டையும் செய்துகாட்டும் சேகரங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்தால், அவற்றின் பெருமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் அமைப்புச் சட்டத் திருத்தத்துக்கான தீர்மானத்தைக் கொண்டுவர முடியும். இதில் மாற்றுக் கருத்துடைய குருமாரும் சபையாரும் தங்கள் நியாயங்களை இதே பகுதியில் எழுத வேண்டும் என்றும், அவற்றுக்குத் தாங்கள் இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சேகர உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.